கால்வாய் ஓரத்து வீட்டில் கொசு, கரப்பான், எலி: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் வாடகைக்கு வந்திருக்கிறீர்கள். பின்பக்கம் கொஞ்சம் மண்தரை, அதில் ஒரு முருங்கை, ஒரு பழைய கிணறு. சாயங்காலமானால் கொசு, ராத்திரி கரப்பான், விடியற்காலையில் பெருச்சாளி, மழை தொடங்கியதும் முருங்கையில் கம்பளிப்பூச்சி. ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதால் மாமியார் மருந்தே வேண்டாம் என்கிறார், கணவர் மாதாமாதம் மருந்தடிக்க ஒப்பந்தம் போடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடு வீடாகப் போய் மருந்தடிப்பதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒப்பந்தத்துக்கு இப்போது அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் பிறக்கிற இடம் ஒன்று, வருகிற வழி ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் அடிக்கிற மருந்து அன்றைக்கு வீட்டுக்குள் இருந்ததைக் கொல்லும். அடுத்த வாரம் அதே வழியில் புதுசு வரும். வழியை அடைத்த பிறகும் மிச்சம் இருப்பதற்கு மருந்து வைத்தால் அது நன்றாகக் கேட்கும்.

கொசுவைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வடசென்னையில் எல்லாரும் கால்வாயைத்தான் திட்டுவார்கள். கால்வாய், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, மூடாத மழைநீர் வடிகால் இவற்றின் சாக்கடைத் தண்ணீரில் பிறப்பது கியூலெக்ஸ் என்ற கொசு வகை. ராத்திரியில் காதருகே ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதுவே. நல்ல மழையில் கால்வாய் அடித்துக்கொண்டு ஓடும்போது குறையும். மழை விட்டு, ஆகாயத்தாமரை அடைத்து, தண்ணீர் நகராமல் நின்றதும் பெருகிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் பறக்கக்கூடியது, அதனால் உங்கள் வீட்டை என்னதான் சுத்தமாக வைத்தாலும் வரும். இதைத் தடுக்க இருக்கிற ஒரே நல்ல வழி வலை.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொடுக்கிற ஏடிஸ் கதையே வேறு. சாக்கடை அதற்குப் பிடிக்காது. வீட்டில் பிடித்து வைத்திருக்கிற நல்ல தண்ணீரில் முட்டையிடும், சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும், பகலில் கடிக்கும். கால் நெடுக வெள்ளை வளையம் இருக்கும், உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். உங்கள் வீட்டில் ஏடிஸ் கடித்தால் அது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். நம் பகுதியில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருவதில்லை. டிரம், குடம், பக்கெட் என்று பிடித்து வைக்காமல் யாராலும் குடித்தனம் நடத்த முடியாது. ஏடிஸ் இங்கே நிலைத்து நிற்பதற்கு அதுதான் காரணம். மக்களுக்கு அக்கறை இல்லை என்று பேசுகிறவர்கள் தண்ணீர் பிடித்து வைக்கிற பாட்டை அறியாதவர்கள்.

மூன்றாவது, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி. சென்னை மாதிரி நகரங்களில் இதற்குப் பிடித்த இடம் கிணறும் மொட்டைமாடித் தொட்டியும். உங்களிடம் இரண்டுமே இருக்கின்றன.

இன்றைக்கே ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு டிரம் பக்கம் போங்கள். மூடியை மெதுவாகத் திறந்து வெளிச்சம் அடித்ததும் ஏதாவது நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கினால் அது கொசுப்புழு. அப்படியே அசையாமல் நில்லுங்கள், மூச்சு வாங்க மறுபடி மேலே வந்துதான் ஆக வேண்டும். தலை கீழே, வால் மேலே என்று தண்ணீர் மட்டத்திலிருந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். தண்ணீரின் மேல் உடம்பு முழுக்கப் படுத்திருந்தால் அனோபிலிஸ். எந்தக் கொசு என்று இந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், அதற்கு ஒரு மருந்துக்காரர் வர வேண்டியதில்லை.

நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக எட்டிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை காலி செய்யச் சொல்கிறார்கள். ஆனால் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் முட்டையை ஒட்ட வைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நார் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்த தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். பிறகு டிரம்மின் வாயில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் மேல் மூடியைப் போடுங்கள். வெறும் மூடிக்கும் டிரம்முக்கும் நடுவில் கொசு நுழைய இடம் இருக்கும், வேட்டி கட்டினால் இருக்காது.

டிரம் முடிந்ததும் வீட்டைச் சுற்றி வாருங்கள். பழைய ஆட்டுக்கல் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும், மணல் போட்டு நிரப்பிவிடுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால், கீழே ஒரு தட்டு இருக்கும். அதை இழுத்துப் பார்த்த வீடுகள் மிகக் குறைவு. மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, மாடியில் கிடக்கும் டயர், ஜன்னல் சன்ஷேடில் இலை அடைத்துத் தேங்கிய தண்ணீர். பக்கத்தில் கட்டடம் கட்டினால் லிப்ட் குழியையும், தளத்துக்குத் தண்ணீர் கட்டி வைத்திருப்பதையும் பார்த்து மேஸ்திரியிடம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் 1913க்கு போன் செய்து மாநகராட்சியில் புகார் பதியுங்கள். கொசு வளரும்படி விட்டுவைக்கிற இடங்களுக்கு மாநகராட்சி அபராதம் போடும். வீடு வீடாகத் தொட்டி பார்க்க வருகிற கொசு ஒழிப்புப் பணியாளர்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்பாதீர்கள். மாடித் தொட்டி வரைக்கும் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடித் தொட்டிக்கு மூடி சரியாகப் பொருந்த வேண்டும், வழிந்து வெளியேறும் குழாயின் வாயில் நைலான் வலை கட்ட வேண்டும். சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டியின் மூடி ஓரத்து இடைவெளியும் அப்படியே. கிணற்றுக்கு மேலே வலை போட முடிந்தால் போடுங்கள். அதோடு கம்பூசியா மீன் விடலாம், மாநகராட்சியே கிணறுகளில் விடுவது உண்டு. கப்பி மீனும் புழுவைத் தின்னும். கிணற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பூசியாவை ஏரியிலோ குளத்திலோ விட்டால் அங்கே இருக்கிற நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். மணலி, மாதவரம் பக்கம் செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் காற்றுக்குழாயின் மேல் நுனியில் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாத ஒரே ஒரு குழாய் ஒரு தெரு முழுக்கக் கொசு சப்ளை செய்யும்.

கால்வாய்க் கொசுவுக்கு ஜன்னல் வலை என்றேன். வெல்குரோ ஒட்டி மாட்டுகிற வலையே போதும், வாடகை வீட்டுக்கு அதுதான் வசதி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே கதவைச் சாத்தும் பழைய பழக்கம் மிக நல்ல பழக்கம், கியூலெக்ஸ் வீட்டுக்குள் நுழைவது அந்த நேரத்தில்தான். குழந்தைக்கு ராத்திரியில் வலை கட்டுகிற எல்லாரும் பகல் தூக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஏடிஸ் கடிப்பதோ பகலில். தூளியில் போட்டால் சேலையே மறைப்பாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். குழந்தையின் முதுகும் தொடையும் சேலையோடு ஒட்டி அழுந்துகிற இடத்தில் கொசு துணியின் மேலே உட்கார்ந்தே கடித்துவிடும். தூளிக்கு வெளியே, அதைச் சுற்றி இடைவெளி விட்டு வலை தொங்க வேண்டும்.

கொசுவத்தி வேண்டாம். ஒரு வத்தி முழுதாக எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சாத்திய அறையில், குழந்தையோடு, அதை எரிக்கவே கூடாது. பிளக்கில் மாட்டுகிற திரவ மருந்து அதைவிடப் பரவாயில்லை. அதையும் குழந்தையின் தலைமாட்டில் மாட்டாமல், அறையில் காற்று வர ஒரு வழி விட்டுப் பயன்படுத்துங்கள். பெயர் தெரியாத கம்பெனியின் கொசு ஊதுபத்திகளில் என்ன மருந்து என்றே எழுதியிருக்காது, தொடாதீர்கள்.

நொச்சியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு மாநகராட்சியே ஒரு சமயம் நொச்சிக் கன்று கொடுத்தது. நல்ல செடி, வையுங்கள். ஆனால் செடி சும்மா நின்றால் கொசு போகாது. இலையைக் கசக்கினாலோ புகைத்தாலோதான் வாசனை வரும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வண்டியில் வந்து அடிக்கிற புகை மருந்தும் அந்த நேரம் பறக்கிற கொசுவைக் கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. தெருவோரம் வெள்ளைக்கோடு போட்டுப் போகிற பிளீச்சிங் பவுடர் கொசுவை ஒன்றும் செய்யாது. தேங்கி நிற்கும் குட்டையில் மரத்தூளைத் துணியில் கட்டி, கழிவு ஆயிலில் ஊறவைத்துப் போடுகிறார்களே, அது வேலை செய்யும். எண்ணெய்ப் படலம் பரவி புழுவின் மூச்சை அடைக்கும். ஓடுகிற தண்ணீரில் அது பயன்படாது, கிணற்றுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது கரப்பான். இதிலும் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பாக, சில நேரம் பறந்தும் வருகிறதே, அது சாக்கடைக் கரப்பான். சேம்பரிலிருந்து, அதாவது மூடி போட்ட சாக்கடைத் தொட்டியிலிருந்து, குழாய் வழியாக ஏறி வருகிறது. குளியலறை, சமையலறை வடிகாலில் நஹானி டிராப் என்கிற தண்ணீர் அடைப்பு இருக்கிறதா, அதில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீர்தான் கரப்பானுக்கு அடைப்பு. யாரும் போகாத கழிப்பறையில் அது காய்ந்துவிடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு குவளை ஊற்றினாலே போதும். பாத்திரம் கழுவும் தொட்டியின் பிளாஸ்டிக் குழாய் தரை ஓட்டைக்குள் லொடலொடவென்று இறங்கியிருந்தால் சுற்றிலும் சிமெண்ட் வைத்து அடையுங்கள். பெரிய கரப்பானுக்கு இது போதும், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

சின்னது, வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோட்டோடு இருப்பது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற வகை. கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டி, முட்டை அட்டை இவற்றோடு வந்து சேரும். பிரிட்ஜ் மோட்டார், கேஸ் அடுப்பின் அடிப்பக்கம், மிக்ஸியின் அடி, சுவிட்ச் பாக்ஸ் என்று சூடு உள்ள சந்துகளில் இருக்கும். இதற்கு ஸ்பிரே அடித்தால் சிதறி அடுத்த அறைக்கு ஓடும். ஜெல் மருந்துதான் சரி. மிளகு அளவுக்கும் குறைவான பொட்டாக, சந்துச் சந்தாக நிறைய இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் பெரிதாகப் பிதுக்கி வைப்பதில் பலன் இல்லை. தின்ற கரப்பான் இடுக்குக்குள் போய்ச் சாகும், அதன் கழிவையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், அடித்தால் அந்த ஜெல் பக்கமே வராது. முட்டைக்கூட்டில் மருந்து ஏறாது என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை வைக்க வேண்டும். கையில் காசு குறைவு என்றால் போரிக் பவுடரையும் சர்க்கரையையும் மைதாவில் பிசைந்து உருட்டி, குழந்தையின் கை போகவே முடியாத இடத்தில், பிரிட்ஜுக்கு அடியில் உள்ளே தள்ளி வையுங்கள். நம் பக்கத்தில் கேரம் ஆடாத தெருவே கிடையாது, அந்த போர்டில் தூவுகிற பவுடர் பெரும்பாலும் போரிக் ஆசிட்தான். சாதுவான பொருள் மாதிரி தெரிந்தாலும் குழந்தை தின்றால் ஆபத்து. கரப்பானுக்குக் கோடு போடுகிற சாக்பீஸும் அப்படியே. ஒன்றரை வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அது இருக்கவே வேண்டாம்.

எறும்புக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிசையைப் பின்தொடர்ந்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடையுங்கள், வரிசை போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பிள்ளையார் எறும்பு கடிக்காது, அதற்காக மருந்து வாங்காதீர்கள். கதவு நிலையில் மண்கோடு தெரிந்தால் கரையான். சுரண்டிவிட்டு பெயிண்ட் அடித்தால் உள்ளே தின்றுகொண்டே இருக்கும். வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, தரையில் துளையிட்டு மருந்து செலுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு வேலைக்கு ஆள் கட்டாயம் வேண்டும்.

பெருச்சாளி விஷயத்தில் பொறுமை வேண்டும். வளை வாயில் புதுமண் குவிந்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. சேம்பர் மூடி உடைந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். வளைக்குள் கண்ணாடித் துண்டும் ஜல்லியும் போட்டுச் சிமெண்டால் பூசுங்கள். கதவுக்கு அடியில் தகரப் பட்டை அடியுங்கள். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை போதும், அதனால் குழாய் போகும் துளைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்துப் பூசுங்கள். எலிப்பொறியைச் சுவரோரமாக வையுங்கள், எலி நடுத்தரையில் நடப்பதில்லை. புதிதாக ஒரு பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். ஆகவே முதல் சில ராத்திரி பொறியைப் பூட்டாமல், சுட்ட கருவாடோ மசால் வடையோ வைத்து அது தின்று பழகட்டும். பிறகு பூட்டுங்கள். மூஞ்சூறு பொறியில் சிக்கினால் வெளியே விட்டுவிடுங்கள். நாற்றம் அடிக்கும் என்றாலும் அது தின்பது கரப்பானும் பூச்சியும்.

எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. மழை நாளில் தெருவில் நின்ற தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்து, அதற்கு அப்புறம் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எலி பேஸ்ட் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அந்த விஷத்தை முறிக்கிற மருந்தே கிடையாது. தின்றவர்கள் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தெரிந்து, பிறகு கல்லீரல் கெட்டுச் சாகிறார்கள். எங்காவது கிடைத்தாலும் வாங்காதீர்கள், மிச்சம் வைத்திருக்கிற வீடுகளிலும் சொல்லி அப்புறப்படுத்த வையுங்கள்.

இனி முருங்கை. வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். இந்தக் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும். ராத்திரியில்தான் மேலே ஏறி இலையைத் தின்னும். நமக்கு அது பெரிய வசதி. பகலில் கூட்டமாக இருக்கும்போது, கை கால் முழுக்க மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, நீளக் குச்சியால் கெட்டியான சோப்புத் தண்ணீர் உள்ள பக்கெட்டில் தள்ளிவிடுங்கள். தீப்பந்தம் காட்டுவது பழைய முறை. கைதேர்ந்தவர்கள் செய்தால் சரி, ஓலையும் துணிக்கொடியும் நெருக்கமாக இருக்கிற நம் தெருக்களில் எனக்கு அது பயம். இலைக்கொத்தில் முட்டைக் கூட்டம் தெரிந்தால் அந்தக் கொப்பைக் கிள்ளி எடுங்கள். மழை முடிந்ததும் மரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் காக்காயிடமும் தீர்ந்துபோகும், அடுத்த வருஷம் குறையும். முடி உடம்பில் பட்டால் தேய்க்காதீர்கள். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நேரே ஆஸ்பத்திரி. கீரையும் காயும் பறித்துச் சாப்பிடுகிற மரத்துக்குக் கடை மருந்து அடிக்க நான் சொல்லவே மாட்டேன்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் பாருங்கள். அதன் பிறகும் ஆள் கூப்பிட வேண்டியிருந்தால், 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த மருந்து என்று பெயரைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டில் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. சிவப்போ மஞ்சளோ காட்டினால் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் கலக்கிக் கொண்டுவந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். அடித்த பிறகு எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேளுங்கள், அதுவரை குழந்தையோடு வேறு வீட்டில் இருங்கள். திரும்பி வந்ததும் ஜன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தை தவழும் தரையைத் துடைத்த பிறகே கீழே விடுங்கள்.

எலிக்கோ மூட்டைப்பூச்சிக்கோ அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். தானியக் கிடங்குக்காக வந்த மருந்து அது. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். மனிதர் வசிக்கிற இடத்தில் அதை வைக்கக் கூடாது. நம் பகுதியில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் வெளியே போனாலும், சுவர் விரிசல் வழியாக அந்த வாயு பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்களிடம் போய்விடும்.